பழைய கார்டும் புதிய கார்டும்

மும்பையின் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால், டாக்டர் தாதாசாஹேப் பட்கம்கர் மார்க் என்று பெயர் மாற்றம் பெற்றுப் பல்லாண்டுகள் ஆன பின்பும் ஜனங்களின் நாவில் லாமிங்டன் ரோடாகவே வழங்கிவரும் கடைவீதியை அடையலாம். கம்ப்யூட்டரின் எந்த உறுப்பை வாங்குவதற்கும், விற்பதற்கும், பழுது பார்ப்பதற்கும் பிரசித்தி பெற்ற இவ்வீதிக்கு, மாதுங்காவின் வி.ஜே.டி.ஐ. கல்லூரியில் எஞ்ஜினீயரிங் பயிலும் மாணவனும், செம்பூரில் வீட்டின் ஓர் அறையையே ஸ்டூடியோவாக்கிக்கொண்டு வீடியோ எடிட்டிங் செய்யும் இளைஞனும், தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவரும் ஒரே காரியமாக வந்து சேர்வதுண்டு. புதிய கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கவேண்டும். இருக்கிற பழைய கார்டை என்ன செய்வது என்றும் தீர்மானிக்கவேண்டும்.

முதற்காரியம் கையில் பணமிருந்தால் முடிந்துவிடும். இரண்டாவதற்குச் சிறிது யோசனை தேவை. பழையதை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். பரண்மேல் போட்டு மறந்துவிடலாம். அல்லது புதியதன் பக்கத்திலேயே பொருத்தி அதனையும் உழைக்கச் செய்யலாம். இம்மூன்றாவது வழி எப்பொழுது பலனளிக்கும், எப்பொழுது அளிக்காது, அதற்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இவ்வத்தியாயத்தின் நோக்கம். நாம் அடையப்போகும் முடிவை இங்கேயே கூறிவிடலாம்: பழைய கார்டின் பிரயோஜனத்தை நிர்ணயிப்பதில் அதன் வயதைவிட முக்கியமானது, வேலையின் நடுவே அது புதிய கார்டோடு எவ்வளவு செய்தியை, எத்தனை தடவை பரிமாறிக்கொள்ள நேர்கிறது என்பதே.

கார்டின் உள்ளே

பழுது பார்க்கும் மேஜையின்மேல் திறந்து வைத்த பழைய கார்டு ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். ஃபேன்களைத் தாங்கும் பிளாஸ்டிக் மூடியை நீக்கியவுடன், மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிச் செய்த ஹீட் ஸிங்க் தெரியும். அத்தகடுகளின் இடுக்குகளில், மும்பையின் ஈரக்காற்றும் தெருப்புழுதியும் சேர்ந்து உண்டாக்கிய சாம்பல்நிறத் தூசி கெட்டியாக அடைத்திருக்கும். திருகுகளைக் கழற்றி ஹீட் ஸிங்க்கைத் தூக்கினால், ஒரு காலத்தில் பசையாக இருந்து இப்போது காய்ந்து பொருக்குத் தட்டிப்போன தெர்மல் பேஸ்ட்டும், அதைச் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தவுடன் பளபளவென்று வெளிப்படும் சிப்பும் காணப்படும். தூசியைத் தட்டி, பேஸ்ட்டை மாற்றி, ஃபேனுக்கு உயிரூட்டிவிட்டால், 'செத்துப்போயிற்று' என்று கொண்டுவரப்பட்ட கார்டுகளுள் பல மறுபடியும் வேலை செய்யத் தொடங்குகின்றன.

உதாரணமாக, 2016-இல் வெளிவந்து இந்தியாவெங்கும் ஏராளமாக விற்பனையான என்விடியா ஜி.டி.எக்ஸ். 1060 என்ற கார்டையே எடுத்துக்கொள்வோம். அதன் சிப்பின் பரப்பு 200 சதுர மில்லிமீட்டர். அதற்குள் 440 கோடி டிரான்ஸிஸ்டர்கள் அடங்கியிருக்கின்றன. கம்ப்யூட்டரின் பிரதான சிப்பில் வல்லமை மிக்க கணக்கிடும் மையங்கள் சிலவே இருக்க, இதில் எளிய மையங்கள் 1,280 இருக்கின்றன. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரேவிதமான கணக்கை ஏககாலத்தில் போடவேண்டும் என்ற தேவையே இவ்வமைப்பைத் தோற்றுவித்தது. சிப்பைச் சுற்றிலும் ஆறு மெமரி சிப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் 1 ஜிகாபைட், ஆக 6 ஜிகாபைட். ஒவ்வொன்றிலிருந்தும் 32 கம்பிகளாக மொத்தம் 192 கம்பிகள் நடுச்சிப்புக்குச் செல்கின்றன. ஒரு கம்பியின் வழியே விநாடிக்கு 800 கோடி பிட்டுகள் பாய்கின்றன. இரண்டையும் பெருக்கி, எட்டு பிட்டு ஒரு பைட் என்று வகுத்தால், விநாடிக்கு 192 ஜிகாபைட் என்ற வேகம் கிடைக்கிறது.

ஆனால் அந்தக் கார்டுக்கும் வெளியுலகுக்கும் இடையேயுள்ள பாதையோ மிகக் குறுகியது. மதர்போர்டின் பிரதான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் மூன்றாம் தலைமுறையைச் சார்ந்ததாயின், அதன் பதினாறு தடங்களும் சேர்ந்து ஒரு திசையில் விநாடிக்கு ஏறக்குறைய 16 ஜிகாபைட்டையே சுமக்கும். பழைய கார்டுக்குப் பெரும்பாலும் வாய்க்கும் இரண்டாவது ஸ்லாட்டில் நான்கு தடங்களே இருப்பது சகஜம். அப்போது வேகம் 4 ஜிகாபைட்டாகக் குறைந்துவிடும். உள்ளே 192, வெளியே 4: இவ்விரு எண்களையும் வாசகர் ஞாபகத்தில் நிறுத்திக்கொண்டால், இனி வரப்போவது அனைத்தும் தாமே விளங்கும்.

இணைத்து வைத்தவர்களின் சரித்திரம்

இரண்டு கார்டுகளை ஒரே பெட்டியில் வைப்பது புதிய எண்ணமன்று. 1996-இல் 3டிஎஃப்எக்ஸ் என்ற கம்பெனி வெளியிட்ட வூடூ கார்டுக்கு முப்பரிமாணச் சித்திரங்களைத் தீட்டும் வித்தை மாத்திரமே தெரியும். சாதாரண எழுத்தையும் படத்தையும் காட்ட அதற்கு இயலாது. ஆகவே வீட்டில் ஏற்கெனவே இருந்த கார்டைக் கழற்றாமல், அதிலிருந்து வரும் காட்சியை ஒரு கேபிள் மூலம் வூடூவுக்குள் செலுத்தி, அங்கிருந்து மானிட்டருக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டர் ஆட்டம் ஆடும்போது வூடூ படம் காட்டும். ஏனைய நேரத்தில் பழையதன் படம் அப்படியே கடந்து செல்லும். இரண்டுக்கும் தனித்தனித் தொழில். ஒன்றையொன்று கலந்தாலோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆதலால் அந்தக் கூட்டணி சிரமமின்றி நடந்தது.

1998-இல் வந்த வூடூ 2, இரண்டு கார்டுகளையும் ஒரே சித்திரத்தின்மீது ஏவியது. திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் தீட்டின. இம்முறைக்கு எஸ்.எல்.ஐ. என்று பெயர். அந்தக் கம்பெனியின் சொத்துகளை வாங்கிக்கொண்ட என்விடியா, 2004-இல் எஸ்.எல்.ஐ. என்ற அதே பெயரில் வேறொரு முறையைக் கொணர்ந்தது. ஒரு படச்சட்டத்தை ஒரு கார்டும் அடுத்த சட்டத்தை மற்றொரு கார்டும் மாறிமாறித் தீட்டுவது இதன் பிரதான வழி. கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஆயினும் இரண்டும் ஒரே வகைக் கார்டுகளாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை பழைய கார்டை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மேலும், காட்சிக்குரிய பதார்த்தங்கள் அனைத்தும் இரண்டு மெமரியிலும் பிரதியெடுத்து வைக்கப்படவேண்டியிருந்தமையால், 4 ஜிகாபைட் கார்டுகள் இரண்டைப் பூட்டினாலும் பயன்பட்டது 4 ஜிகாபைட்டே. பிற்காலத்து ஆட்டங்கள் முந்தைய சட்டத்தின் விவரத்தைக்கொண்டே அடுத்த சட்டத்தைத் தீட்டத் தலைப்பட்டபோது, ஒவ்வொரு சட்டத்துக்கும் இரு கார்டுகளும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும்படியாயிற்று. 2021-ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு என்விடியா புதிய ஆட்டங்களுக்கு எஸ்.எல்.ஐ. அமைப்புகளைத் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது.

இதனிடையே கிளைக்கதை ஒன்றும் நிகழ்ந்தது. பொருள்கள் விழுவது, சிதறுவது, புகை சுழல்வது முதலிய பௌதிகக் கணக்குகளை மட்டும் கவனிக்க ஏஜியா என்ற கம்பெனி 2006-இல் பிஸ்எக்ஸ் என்னும் தனிக் கார்டை விற்றது. 2008-இல் என்விடியா அக்கம்பெனியை வாங்கியபின், அவ்வேலையைப் பழைய என்விடியா கார்டுகள் பலவற்றுக்கும் ஒப்படைக்கலாம் என்று ஆயிற்று. 2025-இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை, பழைய 32-பிட் ஆட்டங்களுக்குரிய இந்த வசதியை முதலில் கைவிட்டு, பிற்பாடு சில ஆட்டங்களுக்கு மாத்திரம் மீட்டுத் தந்தது. அவ்விடைக்காலத்தில், விலையுயர்ந்த புத்தம்புதிய கார்டின் பக்கத்தில், பரணிலிருந்து இறக்கிய சிறிய பழைய கார்டொன்றைச் செருகி, தமக்குப் பிரியமான ஆட்டங்களைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் உலகெங்கும் இருந்தார்கள்.

டிராம்பே தந்த பாடம்

இந்த வெற்றி தோல்விகளுக்கு அடிப்படையான விதி, செம்பூருக்கு அப்பால் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேறொரு காரணத்துக்காக முன்பே ஆராயப்பட்டிருந்தது. மேனாட்டுச் சூப்பர் கம்ப்யூட்டர்கள் இந்தியாவுக்கு எளிதில் கிடைக்காதிருந்த அக்காலத்தில், புணேயில் சி-டாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000 என்ற யந்திரத்தை உருவாக்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் டிராம்பே விஞ்ஞானிகள், கடையில் வாங்கத்தக்க இன்டெல் ஐ860 சிப்புகளைச் சேர்த்து 'அனுபம்' என்ற வரிசையின் முதல் யந்திரத்தை இயக்கினார்கள். பின்னர் ஆல்ஃபா, பென்டியம் என்று சிப்புகள் மாறமாற அனுபமும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. தனித்தனியே எளியனவாகிய பல யந்திரங்கள் கூடி ஒரு பெருங்கணக்கை முடிக்கவேண்டுமாயின், கணக்குப் போடும் நேரம் பெரிதாகவும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நேரம் சிறிதாகவும் அமையும்படி வேலையைப் பகிர்ந்தளிக்கவேண்டும் என்பதே அத்தகைய யந்திரங்களைக் கட்டுவோர் ஒவ்வொருவரும் முதலில் கைக்கொள்ளும் கொள்கை.

ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்க நிபுணர் 1967-இல் முன்வைத்த வாதம் இதற்குத் துணை. ஒரு வேலையில் பத்தில் ஒரு பாகம் பங்கிட முடியாததாக இருந்தால், எத்தனை ஆயிரம் சிப்புகளை ஏவினாலும் மொத்த வேகம் பத்து மடங்குக்குமேல் ஏறாது. இரண்டே கார்டுகளை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கும் இவ்விதி பொருந்தும். புதியது பழையதற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு கணமும் பங்கிட முடியாத பாகத்தில்தான் சேர்கிறது.

டொராண்டோவில் 2012-இல் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய மூவரும் இக்கொள்கையைக் கையாண்டே சரித்திரம் படைத்தார்கள். சுமார் 12 லட்சம் படங்களைக் கொண்டு பயிற்றவேண்டிய அவர்களுடைய நரம்பு வலைப்பின்னல், 3 ஜிகாபைட் மெமரியுள்ள ஜி.டி.எக்ஸ். 580 கார்டு ஒன்றினுள் அடங்கவில்லை. ஆட்டக்காரர்கள் வாங்கும் அதே சாதாரணக் கார்டுகள் இரண்டை எடுத்து, பின்னலைச் செம்பாதியாகப் பிளந்து, சில அடுக்குகளில் மட்டுமே இரண்டும் பேசிக்கொள்ளலாம் என்று வரையறுத்து, ஐந்தாறு நாட்களில் பயிற்சியை முடித்தார்கள். அலெக்ஸ்நெட் என்று பெயர் பெற்ற அப்பின்னல், படத்திலுள்ள பொருளை இனங்காணும் கலையையே மாற்றி அமைத்தது. பேச்சைக் குறைத்து வைத்ததே அவர்களுடைய பங்கீட்டின் நுட்பம்.

மூன்று வேலைகள், மூன்று கணக்குகள்

இனி நம் வீட்டு மேஜைக்கு வருவோம். 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060 ஒன்றை வாங்கியிருக்கிறோம் என்று கொள்வோம். அதற்கு 12 ஜிகாபைட் மெமரி. விநாடிக்கு 360 ஜிகாபைட் வேகம். 170 வாட் மின்சாரம். அதன் பக்கத்தில் 120 வாட் உட்கொள்ளும் நம் பழைய 1060 நான்கு தடமுள்ள ஸ்லாட்டில் இருக்கிறது.

முதலாவது, பேச்சே தேவைப்படாத வேலை. செம்பூர் இளைஞன் பிளெண்டர் என்ற மென்பொருளில் ஒரு விளம்பரத்துக்காகப் பத்து விநாடி அனிமேஷன் செய்கிறான். விநாடிக்கு 24 சட்டம் வீதம் 240 சட்டங்கள். ஒரு சட்டத்தைத் தீட்டப் புதிய கார்டுக்கு ஒரு நிமிஷமும் பழையதற்கு மூன்று நிமிஷமும் ஆகின்றன என்று வைத்துக்கொண்டால், புதியது மட்டும் உழைத்தால் நான்கு மணி நேரம். சட்டங்களைப் பிரித்துக் கொடுத்துவிட்டாலோ, மணிக்கு 60-உம் 20-உம் ஆக 80 சட்டங்கள் முடியும்; மூன்று மணி நேரத்தில் வேலை தீர்ந்துவிடும். மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். புதிய கார்டின் 170 வாட் நான்கு மணி நேரத்துக்கு 0.68 யூனிட், இரண்டும் சேர்ந்த 290 வாட் மூன்று மணி நேரத்துக்கு 0.87 யூனிட். ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்த ஐந்தில் ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே கூடுதலாகச் செலவாகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டின் மெமரியிலும் தனித்தனியே அடங்கவேண்டும், 6 ஜிகாபைட்டைத் தாண்டும் காட்சியில் பழையதனிடம் இவ்வுதவியை எதிர்பார்ப்பதற்கில்லை.

இரண்டாவது, இடைவிடாத பேச்சு தேவைப்படும் வேலை. ஆட்டத்தில் விநாடிக்கு 60 சட்டம் வேண்டுமானால், ஒரு சட்டத்துக்குக் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிவிநாடி. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம், புள்ளிக்கு நான்கு பைட் என்றால், ஏறக்குறைய 8.3 மெகாபைட். விநாடிக்கு 4 ஜிகாபைட் செல்லும் பாதையில் அது கடந்து செல்ல 2 மில்லிவிநாடிக்குச் சற்று மேல் ஆகும்; அதாவது அவகாசத்தில் எட்டில் ஒரு பங்கு வழிப்பயணத்திலேயே கழிந்துவிடும். 4கே திரையாயின் படம் நான்கு மடங்காகி, பாதி அவகாசம் பிரயாணத்துக்கே போய்விடும். இக்காலத்தில் லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருள், உண்மையான இரு சட்டங்களுக்கு நடுவே கற்பனைச் சட்டங்களைப் புகுத்தும் வேலையைப் பழைய கார்டுக்குக் கொடுப்பதால் பலர் அதனை விரும்புகின்றனர். சிறிய திரையிலும் அகலமான ஸ்லாட்டிலும் அது நன்றாகவே நடக்கும். பெரிய திரையிலும் குறுகிய ஸ்லாட்டிலும் தடுமாறும். ஏன் என்பதற்கு மேலே போட்ட வகுத்தற்கணக்கே போதிய விடை.

மூன்றாவது வேலையே இன்று அநேகரைப் பழைய கார்டின் பக்கம் திருப்பியிருப்பது. பெரிய மொழி மாதிரி ஒன்றை, இணையத்தில் யாரிடமும் கையேந்தாமல், சொந்த யந்திரத்திலேயே இயக்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இம்மாதிரியின் உள்ளே நாற்பது ஐம்பது அடுக்குகள் இருக்கும். ஒவ்வொரு சொல்துண்டையும் ஆக்குவதற்கு எல்லா அடுக்குகளின் எண்களையும் ஒருமுறை படித்தாகவேண்டும். 2023-இல் கியோர்கி கெர்கானோவ் தொடங்கிய லாமா.சிபிபி போன்ற மென்பொருள்கள், இவ்வடுக்குகளில் ஒரு பகுதியைப் புதிய கார்டிலும் மிச்சத்தைப் பழையதிலும் வைத்து இயக்குகின்றன.

தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் எவ்வாறு மறுபிறவி எடுக்கிறது என்பதைக் கண்டவர்களுக்கு இம்முறை எளிதில் புரியும். ஒரு கொட்டகையில் நிறத்தாலும் தரத்தாலும் பிரிக்கிறார்கள். அடுத்ததில் யந்திரத்திலிட்டுத் துண்டாக்குகிறார்கள். வேறோரிடத்தில் கழுவிக் கூரைமேல் உலர்த்துகிறார்கள். இன்னோரிடத்தில் உருக்கிக் குருணையாக்குகிறார்கள். கனத்த யந்திரங்கள் அந்தந்தக் கொட்டகையிலேயே நிலையாக நிற்க, சந்தினைக் கடந்து செல்வது ஒரு மூட்டை மாத்திரமே. ஆதலின் சந்து எவ்வளவு குறுகலாயினும் தொழில் தடைப்படுவதில்லை. அங்ஙனமே மொழி மாதிரியின் கோடானுகோடி எண்கள் அவையவை இருக்கும் கார்டிலேயே தங்கிவிட, ஒரு கார்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வது இடைக்கால விடையான ஓர் எண் வரிசை மட்டுமே. 2,400 கோடி எண்களுள்ள மாதிரி ஒன்றில் அவ்வரிசையின் நீளம் 5,120. எண்ணுக்கு நான்கு பைட் என்று தாராளமாகக் கொண்டாலும் 20 கிலோபைட். நம் குறுகிய ஸ்லாட்டை அது விநாடியில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கடந்துவிடும். ஆட்டத்துச் சட்டத்தோடு ஒப்பிட்டால், சுமை நானூறில் ஒரு பங்கு.

இப்போது வேகத்தைக் கணக்கிடுவோம். அம்மாதிரியின் ஒவ்வோர் எண்ணையும் ஐந்து பிட்டுக்கும் குறைவாகச் சுருக்கினால் மொத்தம் சுமார் 14 ஜிகாபைட் ஆகும். புதிய கார்டின் 12-இல் வேலைக்கென்று சிறிது இடம் விட்டு 10 ஜிகாபைட்டை வைத்தால் 4 ஜிகாபைட் மிஞ்சும். மிஞ்சியதைக் கம்ப்யூட்டரின் சாதாரண மெமரியில் வைப்பது ஒரு வழி, டி.டி.ஆர். 4 வகையில் இரட்டைப் பாதையுள்ள மெமரியின் வேகம் விநாடிக்கு 51 ஜிகாபைட். புதிய கார்டு தன் 10 ஜிகாபைட்டைப் படிக்க 28 மில்லிவிநாடி. சாதாரண மெமரி தன் 4 ஜிகாபைட்டைப் படிக்க 78. ஆக 106 மில்லிவிநாடிக்கு ஒரு துண்டு, விநாடிக்கு ஒன்பது. அந்த 4 ஜிகாபைட்டைப் பழைய 1060-இல் வைத்தாலோ, 192 ஜிகாபைட் வேகத்தில் அதைப் படிக்க 21 மில்லிவிநாடியே ஆகும்; மொத்தம் 49; விநாடிக்கு இருபது. இவை உச்சவரம்புகளே, நடைமுறையில் இரண்டு வழியிலும் சிறிது குறையும். எனினும் விகிதம் பெரிதும் மாறாது. பத்தாண்டுக்கு முந்திய கார்டொன்று, ஒரு நவீன மாதிரியின் வேகத்தை இரண்டு மடங்குக்குமேல் உயர்த்துகிறது. தமிழில் எழுதச் சொன்னால் இவ்வுதவியின் அருமை இன்னும் கூடும். ஏனெனில் பெரும்பாலான மாதிரிகள் ஆங்கிலச் சொல்லை ஓரிரு துண்டுகளில் முடித்துவிட்டுத் தமிழ்ச் சொல்லைப் பல துண்டுகளாக வெட்டுகின்றன. ஆகவே ஒரே அளவு விஷயத்தைச் சொல்ல நம் மொழிக்கு அதிகத் துண்டுகளும் அதிக நேரமும் வேண்டியிருக்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணரவேண்டும். இரண்டு கார்டுகளும் ஏககாலத்தில் ஓடவில்லை. ஒன்று தன் அடுக்குகளை முடிக்கும்வரை மற்றொன்று சும்மா இருக்கிறது. பழையது அளித்த கொடை கணக்கிடும் வேகமன்று, வேகமுள்ள இடம். மொழி மாதிரிக்குத் தட்டுப்பாடாக இருந்தது அதுவே.

பொருத்துமுன் பார்க்கவேண்டியவை

ஸ்லாட்டின் வடிவத்தைக் கண்டு ஏமாறலாகாது. நீளம் பதினாறு தடத்துக்குரியதாயினும் உள்ளே நான்கு தடங்களே இணைக்கப்பட்டிருக்கலாம். மதர்போர்டின் கையேட்டைப் படித்துத் தெரிந்துகொள்வதே உசிதம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு 75 வாட் வரை எடுக்கலாம்; ஆறு ஊசி இணைப்பு இன்னொரு 75 வாட் தரும். இரு கார்டுகளின் உச்சத் தேவையையும் பிரதான சிப்பின் தேவையையும் கூட்டி, அதற்குமேலும் இடம் விட்டே பவர் சப்ளையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். பெயர் தெரியாத மலிவான பவர் சப்ளையில் இரண்டாவது கார்டைப் பூட்டுவது, இரண்டு கார்டுகளையும் ஒருசேர ஆபத்தில் வைப்பதாகும். மும்பைக் கோடையில் அறையின் காற்றே 33, 34 டிகிரியாக இருக்கையில், கீழ்க் கார்டு விடும் உஷ்ணக் காற்றை மேல் கார்டு சுவாசிக்கும்படி நெருக்கி வைத்தால், இரண்டும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு ஸ்லாட் அகலமாவது காலியாக இருப்பது நலம்.

எல்லாவற்றிலும் நுட்பமான தடை, கார்டை இயக்கும் மென்பொருளாகிய டிரைவர். ஒரே கம்பெனியின் இரு கார்டுகளை ஒரு யந்திரத்தில் வைத்தால், இரண்டையும் அறிந்த ஒரே டிரைவர் வேண்டும். 1060 சார்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு வழக்கமான டிரைவர்கள் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக அறிவித்திருக்கிறது. கார்டுகளில் கணக்குகளை ஓட்டுவதற்கான என்விடியாவின் மென்பொருள் கூடா; அதே 2025-இல் வந்த கூடா 13 அத்தலைமுறையை விட்டுவிட்டது. இனி வரும் டிரைவர் புதியதை மட்டுமே அறியும். இரண்டையும் அறிந்த கடைசி டிரைவரோடு நின்றுவிட வேண்டியதுதான். பல கம்பெனிகளின் கார்டுகளுக்கும் பொதுவான வல்கன் என்ற இடைமுகத்தின் வழியே மொழி மாதிரிகளை இயக்குவது கூடாவைச் சார்ந்த தடையைத் தளர்த்துகிறது. வெவ்வேறு கம்பெனிகளின் கார்டுகளை ஒரே பெட்டியில் சேர்த்து உழைக்க வைப்பதற்கும் அது ஒரு வழி. சிப்பில் ஒரு டிரான்ஸிஸ்டரும் தேயாமல் இருக்கையிலேயே, எழுதப்படாத சில வரி மென்பொருளால் ஒரு கார்டு கிழடாகிவிடுகிறது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. உற்பத்தியாளர் கைவிடும் தலைமுறையின் விவரங்களைப் பொதுவில் வெளியிட்டால், அதன் டிரைவரைத் தொடர்ந்து எழுதுவதற்கு உலகெங்கும் தன்னார்வலர் இருக்கிறார்கள்.

எதற்காக இவ்வளவு சிரமம்?

2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவிகிதமே என்றும் ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு கூறுகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி, குர்லா, சாக்கிநாக்கா, தாராவி முதலிய இடங்களில் பங்கார் எனப்படும் பழைய சாமான் கடைகளில்தான் வந்து விழுகிறது. அதே 2022 செப்டம்பர் 15-இல், எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் கார்டுகளைக்கொண்டு 'தோண்டும்' முறையையே ஒழித்தபோது, இரவு பகலாக அதற்கென உழைத்த கார்டுகள் உலகெங்கும் ஒரே வீச்சில் வேலையிழந்து பழைய சாமான் சந்தையில் குவிந்தன என்பதும் நினைவுகூரத்தக்கது.

தாராவியின் மறுசுழற்சித் தொழில், மும்பை மாநகரம் தலைவணங்கவேண்டிய உழைப்பு. ஆனால் கிராபிக்ஸ் கார்டு அங்கே வந்து சேரும்போது அதற்குக் கிடைக்கும் மதிப்பு என்ன? ஹீட் ஸிங்க்கின் அலுமினியமும் தாமிரமும் எடைக்கு விலைபோகும். ஸ்லாட்டில் செருகும் விளிம்பின் மெல்லிய தங்கப் பூச்சை அமிலத்திலிட்டுப் பிரித்தெடுப்பார்கள். பலகையையும் ஒயரையும் எரித்தால் எழும் நச்சுப்புகையை, கையுறையோ முகமூடியோ இல்லாத தொழிலாளிதான் முதலில் சுவாசிப்பார். 440 கோடி டிரான்ஸிஸ்டர்களைப் பிழையின்றிச் செதுக்குவதற்கு மனிதகுலம் செலவிட்ட அறிவும், நீரும், மின்சாரமும் ஒரு குன்றிமணித் தங்கமாகக்கூடத் திரும்பி வருவதில்லை. உருக்கி எடுக்கும் உலோகத்தைவிட, உருக்காமல் விட்டால் கிடைக்கும் சேவை எத்தனையோ மடங்கு பெரிது.

ஆகவே முறை இதுவாக இருக்கட்டும். புதிய கார்டின் பக்கத்தில் பழையதற்கு, பேச்சுக் குறைந்த ஒரு வேலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: அனிமேஷன் சட்டங்கள், மொழி மாதிரியின் மிஞ்சிய அடுக்குகள், வீடியோவைச் சுருக்குதல், இரண்டாவது மானிட்டர் ஆகியவை எதுவாயினும் சரி. அத்தகைய வேலை இல்லையேல், பழையது தனியே ஆளத்தக்க இன்னொரு யந்திரத்தைத் தேடுங்கள். தாராவியிலுள்ள மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்கு, சித்திரமும் நிரலும் பழக 6 ஜிகாபைட் கார்டு இன்றும் ஒரு பெரிய சம்பத்து. சும்மா இருக்கையில் வீணாகும் மின்சாரம் பலனைவிட அதிகமானாலோ, மெமரி 2 ஜிகாபைட்டோடு நின்றுவிட்ட மிகப் பழைய கார்டானாலோ, பலகையே பழுதானாலோ, 2023 ஏப்ரல் முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்திடம் ஒப்படையுங்கள். இக்கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு காகிதமும், மெமரியின் வேகமும் ஸ்லாட்டின் வேகமும் ஆகிய இரண்டு எண்களும் போதும். அதைப் போட்டுப் பார்க்காமல் எந்தக் கார்டையும் பங்காருக்கு அனுப்பவேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.